ஒருமனதாக ஒரு கண்மாய்

எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் கண்மாயைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கண்மாயைத் தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், சீமைக்கருவேல மரங்களை அகற்றுதல் ஆகிய பணிகளுக்கு முன்னுரிமை அளிப்பதென இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் நிறைவேறிய தீர்மானம் அது. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலர் வாசித்தார். தேநீர் வந்து சேர்வதற்குள் கண்மாய் முடிந்து தெருவிளக்குக்குப் போய்விட்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கண்மாயைப் பற்றி இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மார்கழியில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறப்பதா, இன்னும் பத்து நாள் நிறுத்துவதா என்று தொடங்கிய பேச்சில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாமல் போன வீடுகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊர், கண்மாய்க்கு எது முதலில் வேண்டும் என்பதில் மட்டும் எப்படி ஒரே மனதாக இருந்தது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு நான்கு கூட்டம் என்றிருந்ததை ஆறாக்கி, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் மக்களின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் விதிதான். நடப்பு வேறு மாதிரி. மதிப்பீடு முதலில் தயாராகிறது, நிதி எந்தத் தலைப்பில் வருகிறது என்பது தெரிகிறது, அந்தத் தலைப்புக்குப் பொருந்துகிற வேலைகள் பட்டியலாகின்றன, கடைசியில் பட்டியல் எங்களிடம் வருகிறது. நாங்கள் கை தூக்குகிறோம். சபைக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை சேர்ந்ததா என்பதில் இருக்கும் கவலை, வந்தவர்கள் யார் என்பதில் யாருக்கும் இருப்பதில்லை. அன்று வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். கண்மாய்க்குள் வெயிலில் மண் சுமப்பவர்கள் அவர்கள்தான். கண்மாயைப் பற்றி ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை.

மடைவாசலுக்குக் கீழே

எங்களுடையது ஒன்றியக் கண்மாய். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இருக்கும் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்களில் பாதிக்கு மேல் இப்படிச் சிறியவைதான். இரண்டு மடை, நிறைந்த தண்ணீர் வழிந்துபோக ஒரு கலுங்கு, மேற்கே இருந்து தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால். கரைமேல் அய்யனார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தூர்வாருதல் என்று பட்டியலில் முதலில் இருந்த வேலையை எடுத்துக்கொள்வோம். பொக்லைன் வந்தது. கரையை ஒட்டி, லாரி நிற்க வசதியான இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார்கள். மழை வந்ததும் பள்ளம் நிறைந்தது; பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் மடைவாசலின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. ஆறு அடி தோண்டினாலும் அறுபது அடி தோண்டினாலும் ஆயக்கட்டுக்கு அது வராத தண்ணீர். ஆடு மாடு குடிக்கும், மீன்பாசி குத்தகைக்காரருக்கு மீன் நிற்கும், கரைக்கு வெளியே கிணறும் ஆழ்துளைக் குழாயும் வைத்திருப்பவர்களுக்கு ஊற்று ஏறும். இவையெல்லாம் நல்லவைதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கரைக்கு வெளியே கிணறு வைத்திருப்பவர்கள் ஏழெட்டுக் குடும்பம். கடைமடையில் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்துக்கொண்டு மடைத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. தூர்வாருவதில் கட்சி இல்லை என்று நினைத்தவர்கள் எல்லோரும், பொக்லைன் ஏற்கெனவே ஒரு கட்சி எடுத்துவிட்டதைப் பள்ளம் நிறைந்த பிறகுதான் பார்த்தார்கள். எடுத்த கரம்பை மண்ணும், கண்மாய் அடியில் படிந்த வண்டல், அப்படித்தான். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2017-இல் அரசு அனுமதித்தது, நல்ல அறிவிப்பு. ஆனால் டிராக்டர் இருப்பவன் வயலுக்குத்தான் கரம்பை போகும்.

கடைமடைக்காரர்களிடம் தனியாகக் கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: வரத்துக்கால். அதைத் திறந்துவிட்டால் கண்மாய் தானாக நிறையும். ஆனால் வரத்துக்காலின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர் இருக்கிறது. இங்கே ஒருவர் வேலியை நகர்த்தியிருக்கிறார், அங்கே ஒருவர் தென்னை வைத்திருக்கிறார், இன்னொரு இடத்தில் கால்வாய் இருந்த தடமே தெரியாமல் கடலை போட்டிருக்கிறார்கள். சபையில் எழுந்து வரத்துக்கால் என்று சொன்னால் அந்தப் பெயர்களில் ஒருவர் எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். எனவே தூர்வாருதல். எங்கள் ஊரின் முன்னுரிமை இப்படித்தான் தீர்மானமாகிறது: அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் நோகாத வேலை எதுவோ அது முதலில் வரும். மிகவும் தேவையான வேலை, யாரையாவது நோகடிக்கும் என்பதால், அடுத்த ஆண்டுக்குப் போகும்.

பழைய குடிமராமத்து

இந்த இடத்தில் யாராவது ஒருவர் அந்தக் காலத்துக் குடிமராமத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுவது வழக்கம். ஊரே கூடி, கூடையும் மண்வெட்டியுமாக வந்து, தங்கள் கண்மாயைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள் என்பார்கள். பார்த்துக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் மண் சுமந்தது யார், நிழலில் நின்று ஆள் எண்ணியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு அழைக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். மனம் ஒப்பி எல்லோரும் வந்திருந்தால் அப்படி ஒரு சட்டம் எதற்கு? எங்கள் பக்கத்தில் மடைக்குள் மூச்சடக்கி இறங்கித் திறந்தவர்களும் வயல் வயலாக நீர் பாய்ச்சியவர்களும் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். அவர்கள் கூலி களத்தில் அளக்கப்பட்ட நெல். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த வயலுக்கு முதலில் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருந்ததில்லை.

2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பெயரை அரசு மீண்டும் கொண்டுவந்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். விவசாயிகள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் சரியானது. ஆனால் அந்தப் பத்து விழுக்காட்டை உடனே எடுத்து வைக்க யாரால் முடியும்? பாசனதாரர் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்தார் என்ற புகார் பல ஊர்களில் எழுந்ததற்குக் காரணம் அந்த இடம்தான் என்று நினைக்கிறேன். பங்கு போடச் சொன்னால், போட முடிந்தவரின் சொல்தான் நிற்கும்.

எதிர்ப்பதற்கு ஒரு குரல் போதும்

ஊர் ஒருமனதாக நிற்கவே முடியாது என்று சொன்னால் அரிட்டாபட்டியைக் காட்டுவார்கள். காட்டட்டும், எனக்கும் அந்த ஊரை நினைத்தால் பெருமைதான். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு, லகர் வல்லூறு உட்பட ஏறக்குறைய 250 பறவை இனங்கள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் கிளம்பிவந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. தீர்மானப் புத்தகத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதை அந்த ஊர்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டன.

ஆனால் வெளியிலிருந்து வருகிற ஆபத்தை எதிர்ப்பது வேறு, உள்ளுக்குள் எதை முதலில் காப்பது என்று முடிவு செய்வது வேறு. முதலாவதில் நிலம் உள்ளவரும் இல்லாதவரும், மேல்மடையும் கடைமடையும், ஆடு மேய்ப்பவரும் பறவை பார்ப்பவரும் ஒரே பக்கம் நிற்கலாம். இரண்டாவதில் நிற்க முடியாது. பெரிய போராட்டங்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். இந்தச் சின்னச் சண்டைகளைப் பற்றி எழுதுவதில்லை, ஏனென்றால் இதில் வில்லன் இல்லை.

விறகு யாருக்கு?

பட்டியலின் மூன்றாவது வேலை சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கம் ஒரு திருவிழாவே நடந்தது. மாணவர்கள் அரிவாளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வறண்ட பூமிக்கு விறகு வேண்டுமென்று ஒரு காலத்தில் அரசே பரப்பிய மரம் அது என்பதை யாரும் பேசவில்லை. சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை என்பதையும் பேசவில்லை. மரம் வந்தது தவறு, கண்மாயின் உள்வாயை, தண்ணீர் நிற்கிற பரப்பை, அது அடைத்துவிட்டது, அகற்றத்தான் வேண்டும். இதெல்லாம் சரி. எங்கிருந்து தொடங்கி, எந்த வேகத்தில், வெட்டியது யாருக்கு என்பவைதான் கேள்விகள்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விகள் வந்தது கிராம சபையில் அல்ல. மரங்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அய்யனார் கோயில் முன்னால் ஒரு மாலையில் தானாகக் கூடிய கூட்டத்தில். ஆயக்கட்டுக்காரர்கள் மொத்தமாக வெட்டச் சொன்னார்கள். வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் இளைஞர்கள், வெட்டிவிட்டுப் பனைவிதை போடலாம், நடுவில் மண்திட்டு போட்டால் பறவை வரும் என்றார்கள். ஊராட்சித் தலைவர் ஏலத்தொகையைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால், படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். ஊரில் பாதிப்பேருக்கு அத்தை முறை. "தம்பி, ஏலக்காசு ஊராட்சிக்குப் போகட்டும். வெட்டுகிற விறகு யாருக்கு?" என்று கேட்டார்.

கேஸ் அடுப்பு இருக்கிறதே அத்தை என்றார் தலைவர், சிரித்துக்கொண்டே. சிலிண்டர் சமையலுக்கு, நெல் அவிக்கவும் வெந்நீருக்கும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் யார் வீட்டிலாவது சிலிண்டர் எரிகிறதா, எரிந்தால் கையைத் தூக்குங்கள் என்றார் அவர். யாரும் தூக்கவில்லை. அதன்பிறகு ஆடு வளர்ப்பவர் ஒருவர் பேசினார்: கோடையில் புல் கருகிப்போனபின் இந்த மரத்தின் காயை உதிர்த்துத்தான் ஆடுகள் தேறுகின்றன, ஒரே மாதத்தில் மொத்தத்தையும் அழித்தால் வைகாசிக்குள் பாதி ஆட்டை விற்க வேண்டியதுதான். ஆயக்கட்டுக்காரர் ஒருவர் கோபமாக, உன் ஆட்டுக்காக என் வயல் காய வேண்டுமா என்று கேட்டார். சத்தம் கூடியது. சிலர் எழுந்து போனார்கள். கூட்டம் கெட்டுவிட்டது என்று தலைவர் முகத்தில் தெரிந்தது. என்னைக் கேட்டால், கூட்டம் அப்போதுதான் தொடங்கியது. அதுவரை எல்லோரும் கண்மாய்க்காகப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் தங்களுக்காகப் பேசினார்கள். தனக்காகப் பேசுகிறவரோடுதான் பேரம் பேச முடியும்.

இருட்டிய பின்னும் பேச்சு நீண்டது. தண்ணீரை உண்மையில் தடுப்பது எந்த மரம் என்று யாரோ கேட்க, டார்ச் விளக்கோடு இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழைகிற வாய், இரண்டு மடைகளின் முன்பகுதி, கரையின் உள்சரிவு. இவற்றை உடனே வெட்டுவது, வடமேற்கு மூலையை இரண்டு கோடை விட்டுவைப்பது, அடிமரத்தை ஏலதாரர் எடுத்தால் கிளையும் சிம்பும் ஊர்ப் பெண்களுக்கு என்று முடிவானது. பட்டியலில் இல்லவே இல்லாத வரத்துக்கால் அந்த இரவில்தான் முதலிடத்துக்கு வந்தது. விறகுக் கேள்வி தீர்ந்ததும் கடைமடைக்காரர்களுக்கு வாய் திறக்கத் துணிவு வந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் அன்று வெளியே வந்தது. உள்வாயில் நிற்பது எல்லாம் சீமைக்கருவேலம் அல்ல. முன்பு வனத் துறை வைத்த நாட்டுக்கருவேலமும் இருக்கிறது, கொக்கும் நாரையும் அடைவது அதில்தான். பொக்லைன் ஓட்டுநருக்கு இரண்டும் முள்மரம். நாட்டுக்கருவேலத்தின் காய் மணி கோத்ததுபோல இடையிடையே இடுங்கியிருக்கும், சீமைக்கருவேலத்தின் காய் மஞ்சளாய் நீண்டு கிடக்கும். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி. மறுவாரம் அவர்கள்தான் டப்பாவில் சுண்ணாம்பு கரைத்து, வெட்டக்கூடாத மரங்களுக்கு வளையம் போட்டார்கள். எல்லாம் சொன்னபடி நடந்தது என்று எழுத ஆசைதான். வளையம் போட்ட மரங்களில் சில ஏலதாரரின் லாரியில் போயின. வரத்துக்காலில் ஆக்கிரமித்திருந்தவர்களில் இரண்டு பேர் தாமாகவே வேலியை உள்ளே வாங்கினார்கள், ஒருவர் வழக்குப் போட்டார். அவர் நிலத்தை ஒட்டிக் கால்வாய் இன்னமும் ஒடுங்கித்தான் போகிறது. ஆட்டுக்காரருக்கு இப்போதும் திருப்தி இல்லை, அதைத் தேநீர்க் கடையில் தினமும் சொல்கிறார்.

பதிவேடும் வெடிச்சத்தமும்

எங்கள் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, ஊராரிடம் கேட்டுத் தயாரிக்க வேண்டிய ஆவணம். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும் என்று மாநிலங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடு வைத்ததும் நாடு முழுவதும் பதிவேடுகள் வேகமாகப் பிறந்தன. எங்கள் பதிவேட்டைப் புரட்டினேன். மரம், செடி, பறவை, மீன் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அந்த அத்தையிடமோ ஆட்டுக்காரரிடமோ யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எது குறைந்து வருகிறது, யாருக்கு அதனால் கஷ்டம், எதற்கு முதலில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம், கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் அடையும் நாரைகள் கலைந்துபோகும் என்பதற்காக. 1977-இல் அது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆனது, 38.4 ஹெக்டேர். சரணாலயம் வருவதற்கு முன்பே ஊர் தன் முடிவை எடுத்துவிட்டது. அரசு பின்னால் வந்து பலகை வைத்தது. ஆனால் அதையும் அளவுக்கு மீறிப் பாட வேண்டியதில்லை. அங்கே விட்டுக்கொடுத்தது எல்லா வீடும் சமமாக: எல்லாப் பிள்ளைக்கும் வெடி இல்லை. வரத்துக்காலில் அப்படி இல்லை. அங்கே தென்னை ஒருவருடையது, தண்ணீர் மற்றவர்களுடையது. இழப்பு ஒரே வீட்டில் விழும்போது அந்த வீட்டுக்கு என்ன பதில் என்பதையும் சேர்த்துப் பேசாத எந்த முன்னுரிமைப் பட்டியலும் எங்கள் தீர்மானப் புத்தகத்தில் தூங்கும்.

மதிப்பீடு போடுவதற்கு முன்பு கண்மாய்க்குள்ளேயே ஒரு கூட்டம் போடலாம். நிலமில்லாதவர்களிடம் தனியாக, நிலமுள்ளவர்கள் இல்லாத நேரத்தில் கேட்கலாம். மடையின் அடிமட்டத்தை ஒரு கல்லில் பெயிண்ட் அடித்துக் காட்டி, இதற்குக் கீழே தோண்டுவது யாருக்கு லாபம் என்று சொல்லிவிட்டுத் தோண்டலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும்.

இப்போதைக்கு எங்கள் தலைவலி வேறு. எங்கள் வரத்துக்கால் தொடங்குவது மேற்கே இருக்கும் ஊரின் கலுங்கில். அவர்கள் கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். கடந்த ஐப்பசியில் அவர்கள் கலுங்கின்மேல் மணல்மூட்டை அடுக்கினார்கள். அவர்கள் சபையிலும் அதற்கு ஒருமனதாகத்தான் ஆதரவு இருந்திருக்கும். அது வேறு ஊராட்சி. அவர்களையும் அவர்களுக்கு மேலே இருக்கும் ஊரையும் சேர்த்து மூன்று ஊருக்கும் ஒரே கூட்டமாக மார்ச் 22 அன்று போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அப்படிக் கூட்டம் போடச் சட்டத்தில் வழியில்லை என்கிறார் செயலர். தடையும் இல்லையே என்று அத்தை கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.